சங்கிலியை அவிழ்க்கச் சொல்கிறது சட்டம்



2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நெருப்பின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியுமா? அந்தச் சங்கிலியைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன அதிகாரிக்கு அதில் பங்கில்லையா? பணம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காத உறவுக்குப் பங்கில்லையா?

ஏர்வாடி எங்கேயோ இருக்கிறது என்று எண்ணாதீர்கள். இதோ நம் திருத்தணிக்குப் பக்கத்தில் சோளிங்கர். நரசிம்மர் அருளால் மனநோய் தீரும் என்று நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்து வருகின்றன. தக்கான்குளத்தில் முழுக்காட்டுகிறார்கள், மலையேறுகிறார்கள், விரதமிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பழிக்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. மனநல மருத்துவரை எங்கே போய்ப் பார்ப்பது என்றே தெரியாத தாய்க்கு அந்தக் குளக்கரைதானே கதி! மனநோயாளிகள் வந்து தங்கும் ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசே பிற்பாடு வழிசெய்தது. இங்கேயும் செய்யட்டும். சாமிக்கும் மாத்திரைக்கும் எந்தப் பகையும் கிடையாது.

ஆனால் சங்கிலி கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95, எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடுக்கிறது. முதல் முறை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2018 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடிகள் வந்து போகின்றன. கூட்டம் கலைந்தபின், சரவணப் பொய்கைப் படியிலோ ரயிலடியிலோ, ஊர்பேர் சொல்லத் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும்? அதே சட்டத்தின் பிரிவு 100 சொல்கிறது: அவர் காவல்துறையின் பொறுப்பு. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். குடும்பத்தைத் தேடித் தகவல் சொல்வது நிலைய அதிகாரியின் கடமை. அவர் தெலுங்கு பேசுகிறார் என்பதற்காக ஆந்திரா பஸ்ஸில் ஏற்றி அனுப்பிக் கைகழுவ யாருக்கும் உரிமையில்லை. ம.பொ.சி.யும் கே. விநாயகமும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. போராடி வாங்கிய அந்த எல்லையைக் காட்டி ஒரு நோயாளியை அப்பால் தள்ளிவிடச் சம்மதிப்போமா?

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். "தம்பி மாத்திரை சாப்பிடுகிறவன், அவன் கையெழுத்து செல்லாது" என்று சொல்லிப் பாகப்பிரிவினையில் ஒரு பிள்ளையைக் கழற்றிவிடுகிறார்கள். அநியாயம்! மனநோய் இருப்பதனாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்று பிரிவு 3 சொல்கிறது. நிலம் அவருடையது, பங்கு அவருடையது. வழக்காடக் காசில்லையா? இலவச சட்ட உதவி அவருக்கு உரிமை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. மனம் தாங்காத இரவில் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலோ தெலுங்கிலோ.

நம் கோரிக்கைகள் இவை. பிரிவு 100 இரண்டு மொழியிலும் காவல் நிலைய வாசலில் எழுதப்பட வேண்டும். திருவிழா மருத்துவ முகாமில் மனநல மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். வறுமையில் வாடும் நோயாளிக்கு இலவச சிகிச்சை என்று சட்டம் சொல்கிறதே, அந்த மாத்திரை மாதந்தவறாமல் திருத்தணி அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். மனு மேடையோரம் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவள்ளூர் ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் கலைய வேண்டாம்; வண்டியில் இடமிருக்கிறது, கூடவே வாருங்கள்.