பட்டாளமும் அதன்பின் வரும் உத்தியோகமும்

(சங்கரன்கோவிலில் கூடிய நமது சங்கக் கூட்டத்திற் செய்யப்பெற்ற பிரசங்கம்)



யான் பட்டாளத்திற் பதினேழு ஆண்டும், அதன்பின் தீயணைப்புப் படையிற் சில ஆண்டும் ஊழியஞ் செய்தவன். சொல்வன்மை எனக்கில்லை. ஆயினும், சென்ற மாதம் கோவில் வாசலில் நம் வகுப்பைச் சேர்ந்த தாயொருவர் என்னை நிறுத்தி, “அண்ணாச்சி, என் மகன் நாலு வருஷம் பட்டாளத்துக்குப் போய்வந்தால் போலீசு வேலை தானாகக் கிடைக்குமாமே, மெய்தானா?” என்று வினவினார். “தானாக” என்னும் அவ்வொரு சொல்லே இன்று என்னை இம்மேடையில் ஏற்றியது.

பட்டாளத்தாரை இவ்வேலைகளுக்கு விரும்பியெடுப்பது பழைய வழக்கமே. 1810-இல் பாரிஸ் நகரில் ஆஸ்திரிய ஸ்தானாபதி நடத்திய விருந்தின் மண்டபம் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டே நெப்போலியன் அந்நகரத்துத் தீயணைப்போரைச் சேனையின் ஓர் அங்கமாக்கினான். இன்றும் அவர்கள் சேனைவீரரே. லண்டன் தீயணைப்புப் படைக்கு 1861-இல் தலைமையேற்ற கப்பித்தான் ஷா என்பவர், முதலிற் சேனையிலிருந்து, பின்னர் பெல்பாஸ்டு நகரத்துப் போலீசுக்கும் தீயணைப்புக்கும் தலைவராயிருந்தவர். அவர் தம் படைக்கு மாலுமிகளையே தேடியெடுத்தார். உயரத்தில் ஏறவும், கட்டளை கேட்டவுடன் எழவும் அவர்கள் பழகியிருந்ததே காரணம்.

இனி நம் நாட்டு ஏற்பாட்டைக் கவனிப்போம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்போர் ஆகிய மூன்று வேலைகளுக்கும் ஒரே பொதுத்தேர்வு நடத்துகிறது. அதில் முன்னாள் படைவீரர்க்கு நூற்றுக்கு 5 இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. வயதிலும் சலுகை பெரிது. 2023-ஆம் ஆண்டு அறிவிப்பில் பொதுப்பிரிவினர்க்கு 26, பிற்படுத்தப்பட்டோர்க்கு 28 என்றிருக்க, முன்னாள் படைவீரர்க்கு 47 வரை இடமிருந்தது. ஆயினும் தமிழ்மொழித் தகுதித் தேர்வும் எழுத்துத் தேர்வும் உண்டென்பதை மறவாதீர்கள். பல்லாண்டு வடக்கே இந்தியிற் பேசிக் கழித்தவன், திரும்பிவந்து தமிழில் நான்கு வரி எழுதக் கூசுவதை யான் கண்டிருக்கிறேன், யானும் கூசியவனே.

ஆனால் “முன்னாள் படைவீரர்” என்னும் பெயர் யாருக்கு உரியது? இவ்விடத்திலேதான் நம்மவர் ஏமாறுகின்றனர். ஜூன் மாதத்துச் செய்தியைக் கேட்டவர் பலர். விவரம் படித்தவர் சிலர். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி, பதினேழரை முதல் 21 வயதுக்குட்பட்டோர் நான்கு ஆண்டுக்கே சேர்க்கப்படுகின்றனர். முடிவில் நூற்றுக்கு 25 பேருக்கு மேற்படாமல் நிலைநிறுத்தப்படுவர். மற்றையோர்க்கு ஓய்வூதியமில்லை; முன்னாள் படைவீரர் என்னும் தகுதியுமில்லை. மாதந்தோறும் பிடித்த பணத்தோடு அரசாங்கம் அதே அளவு சேர்த்து, வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கைக்கு வரும் என்பது அறிவிப்பு. நம் வீடுகளில் அத்தொகை ஒரு கலியாணத்திற் கரைந்துபோகும் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை!

வழியே அடைபட்டதென்று கூறவில்லை. மத்திய ஆயுதப் போலீசுப் படைகளில் அக்னிவீரர்க்கு நூற்றுக்கு 10 இடம் என்று மத்திய சர்க்கார் 2022-இலேயே அறிவித்தது. அவற்றுள் மத்திய தொழிற் பாதுகாப்புப் படை தனக்கெனத் தீயணைப்புப் பிரிவும் உடையது. உத்தரப் பிரதேச அரசாங்கம் 2025-இல் காவலர், தீயணைப்போர் வேலைகளில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கத் தீர்மானித்தது. நம் ஊர்ப் பிள்ளைக்கோ எளிய கணக்கு ஒன்று போதும்: 18 வயதிற் போனவன் 22-இல் மீள்வான். பிற்படுத்தப்பட்டவனாயின், 28 வரை யாதொரு சலுகையுமின்றியே பொதுவழியில் எழுதலாம். 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடுவது அவனுக்கு ஒரு பொருட்டன்று. புத்தகந்தான் பொருட்டு. சேவையிலிருக்கும்போதே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திற் பட்டத்திற்குப் படிக்கலாம். பாதி மதிப்பு அவன் பெறும் பயிற்சிக்கே கிடைக்கும்.

வேலை கிடைத்தபின் நேர்வதையும் சொல்லிவிடுகிறேன். ஹவில்தாராயிருந்த யான் கடைநிலைத் தீயணைப்போனாகச் சேர்ந்தேன். ஒருநாள் வைக்கோற் படப்பு எரிகிறதென்று போனோம். யான் குழாயைப் பற்றி நேரே பாய்ந்தேன். என் மகன் வயதுடைய மேலாள் ஒருவர் தோளைப் பிடித்திழுத்து, “காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தீரா ஐயா?” என்றார். அப்போது எனக்குக் கோபமே வந்தது. ஒரு நிமிஷத்துள் காற்றுத் திரும்பியது. யான் நின்றிருக்கவேண்டிய இடம் தீயாயிற்று.

கிணறு இதனினும் கடினம். நம் கரிசற்காட்டுக் கிணறுகளில் மாடு விழும், மனிதர் விழுவர். சிலவற்றின் அடியில் நச்சுக்காற்று நிற்கும். விழுந்தவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான், அவனைத் தூக்க மூன்றாமவனும் விழுவான். தோழனை விட்டு நகராதே என்பது பட்டாளத்துப் பாடம். சுவாசக்கருவி வருமட்டும் இறங்காதே என்பது இங்குள்ள பாடம். மேலே நின்று அழுவோர் நடுவே கைகட்டி நிற்பதைப்போற் கடினமான காரியத்தை யான் எல்லையிலும் கண்டதில்லை. போலீசிலும் அப்படியே. ஆடித்தபசு நெரிசலில் பகைவன் என்று ஒருவனுமில்லை; குழந்தையைத் தொலைத்தவளும், கால் இடறியவனுமே இருப்பர்.

தீயணைப்பு சுகமான வேலையென்று எண்ணுவோர் 1944 ஏப்ரல் 14-ஆம் நாளை நினைவுகூர்க. பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் வெடித்து 66 தீயணைப்போர் மடிந்தனர்.

அத்தாய்க்கு யான் சொன்ன விடை, “பையனைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு அழைத்துவாரும்” என்பதே. வந்தான். நூற்றுக்கு 45 வேண்டிய இடத்தில் 47 வைத்திருந்தான். தினம் விடியலில் ஓடுகிறானாம்; பள்ளி விட்டபின் புத்தகம் தொட்டதில்லையாம். இப்போது விடியலில் ஓடிவிட்டு, மாலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து கணக்குப் போடுகிறான். திண்ணையில் இன்னும் நாலைந்து பேருக்கு இடமிருக்கிறது.