மளிகைச் சீட்டில் ஒரு கலோரிக் கணக்கு



உடம்பு இளைக்கணும்னா நம்மில் பல பேர் முதலில் விடுவது காலைச் சாப்பாட்டைத்தான். பட்டினி கிடப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். குழு நோட்டில் வரவு செலவு எழுதுற நமக்கு இது பெரிய வேலையில்லை.

முதலில் செலவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்னபடி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளைக்கு 1,660 கலோரி போதும். நடுத்தர உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720. தையல் மிஷினில் உட்காரும் நானும், நாற்று நடப் போகும் என் நாத்தனாரும் ஒரே அளவு சாப்பிட முடியுமா? நான் குறைக்கிற மாதிரி அவங்க குறைச்சா வயலிலேயே மயக்கம் வந்துடும்.

அடுத்து வரவு. தினமும் சோற்றை நிறுத்துப் பார்க்க யாருக்கு நேரம்? நான் மளிகைச் சீட்டை எடுத்தேன். வீட்டில் நாலு பேர். மாசம் அரிசி 40 கிலோ, எண்ணெய் 4 லிட்டர், சர்க்கரை 4 கிலோ. தலைக்குப் பிரித்து 30 நாளால் வகுத்தால் அரிசியில் சுமார் 1,150 கலோரி, எண்ணெயில் 270, சர்க்கரையில் 130. ஆக 1,550. பருப்பு, பால், தேங்காய், கடைப் பலகாரம் எல்லாம் இதுக்கு மேலே! என் எடை 66 கிலோ, அதனால் 1,660-ஐ விடக் கொஞ்சம் கூட வேணும்தான். வரவு அதையும் தாண்டியிருந்தது.

எண்ணெயை 3 லிட்டராக்கினேன். மூணு வேளை டீயிலும் ரெண்டு ரெண்டு ஸ்பூன் சர்க்கரையை விட்டேன். ராத்திரி ஒரு கரண்டி சோறு குறைச்சேன். பருப்பு, முட்டை, கீரையில் கை வைக்கவில்லை. நாளைக்குச் சுமார் 300 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால், மாசம் ஒரு கிலோ குறையணும். அஞ்சு மாசத்தில் தராசு காட்டியது 4 கிலோ. எடை இறங்க இறங்க உடம்பு கேட்பதும் குறையுது, அதனால் கணக்கை இடையிடையே திருத்தணும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவங்க இதைச் செய்ய வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுறவங்க டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

ஒரு கோரிக்கை. கூட்டமைப்பு அலுவலகத்தில் எடை மிஷின் ஒண்ணு வாங்கி வைக்கணும். மாதக் கூட்டத்தன்று எல்லாரும் ஏறிப் பார்க்கலாம். யார் எடையையும் தீர்மான நோட்டில் மட்டும் எழுத வேண்டாம்.