அவுட்பாக்ஸில் நின்ற கடிதம்

(இராமேஸ்வரம் பகுதிப் பள்ளிகளுக்கான குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு மின்னஞ்சல். இதில் பேச என்ன இருக்கிறது, எல்லோரும்தான் அனுப்புகிறோமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளிக் கணினியிலிருந்து நான் அனுப்பியதாக நம்பிய ஒரு மின்னஞ்சல் போகவே இல்லை. அதனால் என் மாணவி ஒருத்திக்கு ஒரு வாய்ப்பு போயிற்று. அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அந்த மாணவி அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மாவும் அம்மாச்சியும் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று நமக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கக் கூடியவள் அவள். மணலில் காயப்போட்ட பாசியையும் வலையில் காயப்போட்ட பாசியையும் தனித்தனியே எடை போட்டு, எதில் மணலும் அழுக்கும் குறைவு என்று கணக்கெடுத்து ஆறு பக்கம் எழுதியிருந்தாள். ஓர் அறிவியல் கண்காட்சிக்கு அதன் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அன்று மழை, இணையம் இல்லை. எங்கள் பள்ளிக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இருந்தது. இணையம் இல்லாதபோதே எழுதி வைத்துவிடலாம், இணையம் வந்ததும் போய்விடும் என்பதுதான் அதன் வசதி. தட்டச்சு செய்து, கோப்பை இணைத்து, பிறகு அனுப்பு என்பதை அழுத்தினேன். மறுநாள் இணையம் வந்தது. கணினியைத் திறந்ததும் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு செய்திப் பெட்டி வந்தது. முதல் பிரிவேளைக்கு மணி அடித்துவிட்டது. படிக்காமலே அதை மூடிவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

அந்த வாரம் முழுவதும் சுற்றறிக்கைகள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. மின்னஞ்சல் நன்றாக வேலை செய்கிறது என்றே நினைத்திருந்தோம். அவள் தினமும் வந்து, "பதில் வந்துச்சா டீச்சர்?" என்று கேட்பாள். பட்டியல் வெளியானபோது அவள் பெயர் அதில் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். எதுவும் வரவில்லை என்றார்கள். "நாங்கள் அனுப்பிவிட்டோம், உங்களுக்குத்தான் வரவில்லை" என்று சற்றுக் கோபமாகவே பேசினேன். அதன் பிறகுதான் கணினியில் தேடிப் பார்த்தேன். கடிதம் அவுட்பாக்ஸில் அப்படியே இருந்தது. அவளை அழைத்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ என் பேப்பர் இன்னும் நம்ம ஸ்கூல்லயேதான் இருக்கா டீச்சர்?"

நண்பர்களே, வருவது ஒரு வழி, போவது வேறு வழி. நான் அறியாமல் இருந்தது இதைத்தான். இந்தத் தீவில் இருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

நம் இராமேஸ்வரம் ரயிலை இன்றும் போட் மெயில் என்கிறோம். ரயிலுக்கு ஏன் அந்தப் பெயர் என்று மாணவர்கள் கேட்பார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் புறப்பட்ட ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்கு. தலைமன்னாரிலிருந்து இன்னொரு ரயில் கொழும்புக்கு. அதற்கு முன் அந்தப் போக்குவரத்து தூத்துக்குடி வழியாக நடந்தது. 1914இல் வழி மாறியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் அந்தத் துறை முடிந்தது. முகவரி கொழும்புதான், ஆனால் கடிதத்தை எந்தத் துறையில் ஒப்படைக்க வேண்டும் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. மூடிய துறையில் கொண்டுபோய் ஒப்படைத்தால், முகவரி எவ்வளவு சரியாக இருந்தாலும் கடிதம் அங்கேயே கிடக்கும்.

எங்கள் பள்ளியில் நடந்ததும் இதுதான். மின்னஞ்சல் மென்பொருளில் கடிதங்களைக் கொண்டுவருவதற்கு ஐமேப் அல்லது பாப் என்ற முறை. அனுப்புவதற்கு எஸ்.எம்.டி.பி. என்ற வேறு முறை. இரண்டுக்கும் தனித்தனி சேவையகம், தனித்தனி அமைப்புகள். அந்த ஆண்டு ஜூனில் தலைமையாசிரியர் மாறுதலில் போனார். பள்ளிக்குப் புதிய மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, அதைத் தண்டர்பேர்டில் சேர்த்தோம். வரும் வழி புதிய கணக்குக்குச் சரியாக அமைந்தது. போகும் வழியாக மட்டும் பழைய தலைமையாசிரியரின் கணக்கே தேர்வாகி இருந்தது. அவர் போகும்போது தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டார். அது முறையான செயல். ஆனால் எங்கள் கணினி ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய வாசலில் போய் நின்று, பழைய கடவுச்சொல்லைச் சொல்லித் திரும்பிக்கொண்டிருந்தது. ஜூன் முதல் நாங்கள் பெற்றுக்கொண்டோமே தவிர எதுவும் அனுப்பவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். கணக்கு அமைப்புகளைத் திறந்து, உங்கள் கணக்கின் பெயரை அழுத்துங்கள். அந்தப் பக்கத்தின் அடிப்பகுதியில் வெளிச்செல்லும் சேவையகம் எது என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் உங்கள் கணக்குக்கு உரியதுதான் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கப் பட்டியலின் கடைசியில் எல்லா வெளிச்செல்லும் சேவையகங்களும் சேர்ந்து இருக்கும். பழைய கணக்கை நீக்கினாலும் அதன் சேவையகப் பதிவு இங்கே தங்கிவிடக்கூடும். தேவையில்லாததை நீக்கிவிடுங்கள்.

இனி, மற்றக் கோளாறுகள். அவற்றை நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், கடிதம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அவுட்பாக்ஸில் இருந்தால் நம் வாசலைத் தாண்டவில்லை. போன கடிதம், சேர்க்க முடியவில்லை என்ற குறிப்போடு இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்தால் நம் பக்கம் சரி. பெறுநர் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கலாம், அல்லது அவர் பெட்டி நிறைந்திருக்கலாம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. மென்பொருள் இணையமின்றி இயங்கும் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டர்பேர்டின் கீழ்ப் பட்டையில் இடது ஓரத்தில் அதற்கு ஒரு சிறு குறி உண்டு. கை தவறி அதை அழுத்திவிட்டுத் தவித்தவர்கள் உண்டு.

இரண்டாவது, செய்திப் பெட்டியைப் படியுங்கள். நான் செய்யாமல் விட்டது இதுதான். அதில் மூன்று இலக்க எண் இருந்தால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம். 5இல் தொடங்கினால் எதையாவது திருத்தாமல் எத்தனை முறை அனுப்பினாலும் போகாது. 535 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. 552 என்றால் பெரும்பாலும் கோப்பின் அளவு மிகுதி.

மூன்றாவது, சேவையகத்தை அடையவே முடியவில்லை என்று வந்தால் பெயரையும் போர்ட் எண்ணையும் சரிபாருங்கள். ஜிமெயில் கணக்கு என்றால் சேவையகத்தின் பெயர் எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம். ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். போர்ட் எண் 465 அல்லது 587. 465இல் தொடக்கத்திலிருந்தே பேச்சு குறியாக்கத்தில் நடக்கும். பாதுகாப்பு என்ற இடத்தில் எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ். என்று இருக்க வேண்டும். 587இல் சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு குறியாக்கத்துக்கு மாறும். அங்கே ஸ்டார்ட் டி.எல்.எஸ். என்று இருக்க வேண்டும். இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் இணைப்பு கிடைக்காது. 25 என்ற பழைய எண்ணைப் போடாதீர்கள். அது சேவையகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி. பல இணைய இணைப்புகளில் அது நமக்கு அடைக்கப்பட்டிருக்கும்.

நான்காவது, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. எஸ்.எம்.டி.பி. 1982இல் வகுக்கப்பட்டது. அப்போது அனுப்புபவர் யார் என்று கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை. ஒருவரை ஒருவர் நம்பிய காலம். வேண்டாத விளம்பர அஞ்சல் பெருகியபின் 1999இல் அடையாளம் கேட்கும் முறை சேர்ந்தது. கூகுள் நிறுவனமோ 2022 மே 30 முதல், தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை மட்டும் மென்பொருளில் கொடுத்து நுழைவதைப் படிப்படியாக நிறுத்தியது. எனவே தண்டர்பேர்டில் அடையாள முறை என்ற இடத்தில் ஓஆத்2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும். அதில் ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும். அந்த வசதி இல்லாத பழைய மென்பொருள் என்றால், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் பெற்றுக்கொள்ளலாம். இன்னொன்று: வரும் வழிக்கு இதை மாற்றினால் போகும் வழிக்கும் மாற்ற வேண்டும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

ஐந்தாவது, கோப்பின் அளவு. ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு 25 எம்.பி. வரை எல்லை. ஆனால் இணைக்கும் கோப்பு, அனுப்பும்போது எழுத்துக்களாக மாற்றப்படுவதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். பெரிய கோப்புகள் அதனால் தடுக்கப்படலாம். விளையாட்டு விழாப் படங்களை ஒரே கடிதத்தில் அடைக்காதீர்கள்.

ஆறாவது, தேதி. கேட்டால் சிரிப்பீர்கள். கோடை விடுமுறை முடிந்து பழைய கணினியைத் திறந்தால் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு. கணினியின் தேதி தவறினால் சான்றிதழ் செல்லாது என்று மென்பொருள் மறுத்துவிடும். தேதியைச் சரிசெய்து பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

"இத்தனை தொல்லை எதற்கு, கைப்பேசியிலிருந்தே அனுப்பிவிடலாமே" என்று கேட்கலாம். அவசரத்துக்கு அனுப்பலாம். ஆனால் பள்ளியின் கடிதம் என் கைப்பேசியில், என் சொந்தக் கணக்கில் இருந்தால், நான் மாறுதலில் போகும்போது அதுவும் என்னோடு போய்விடும். பள்ளிக் கடிதம் பள்ளியில் இருக்க வேண்டும்.

அதனால் எங்கள் பள்ளியில் சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். ஆசிரியரோ தலைமையாசிரியரோ மாறினால், பொறுப்பு ஒப்படைக்கும் அன்றே மின்னஞ்சல் அமைப்பையும் பார்க்கிறோம். பார்ப்பது என்றால், பள்ளிக் கணக்கிலிருந்து நம் சொந்த முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அது வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதுதான். கடைசி நாள் உள்ள எதையும் இரண்டு நாள் முன்னதாக அனுப்புகிறோம். அனுப்பியபின் சென்ட் பெட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்து, தொலைபேசியிலும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம். கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டுவதில்லை. மீட்புக்கான கைப்பேசி எண் யாருடையது என்பதைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறோம்.

பிழை என்னுடையது என்று அந்த மாணவியிடம் சொன்னேன். கண்காட்சிக்கும் தொலைபேசி செய்து, கோபமாகப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். பட்டியல் முடிந்துவிட்டதால் அவளைச் சேர்க்க வழியில்லை. அவள் எழுதிய ஆறு பக்கத்தையும் பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னோம். அவள் அம்மா அன்று கடலுக்குப் போகாமல் வந்து கேட்டார். அது ஈடு ஆகாது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு அவள் வேறொரு தலைப்பில் எழுதினாள். அனுப்பும் நாளில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அனுப்பு என்பதை அழுத்தினேன். "அவுட்பாக்ஸ் பாருங்க டீச்சர்" என்றாள். காலியாக இருந்தது. "சென்ட் பாருங்க" என்றாள். இருந்தது. "சரி, இப்போ போன் பண்ணிக் கேளுங்க" என்றாள். கேட்டேன். வந்துவிட்டது என்றார்கள். அதன் பிறகுதான் வகுப்புக்குப் போனாள்.

உங்கள் பள்ளிக்குத் திரும்பியதும் இன்றே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். அவுட்பாக்ஸைத் திறந்தும் பாருங்கள். யாருடைய தாளாவது அங்கே நிற்கலாம்.