நன்னடத்தை அதிகாரியின் தொண்டு

கன்னிவாடிக் கூட்டுறவு அங்கத்தினர்களே! சில குற்றங்களில் அகப்பட்டவனைச் சிறையிலடைக்காமல், நன்னடத்தை முச்சலிக்கா பெற்றுக் கண்காணிப்பில் விடச் சென்னை ராஜதானியில் 1936-ஆம் வருஷச் சட்டம் வழி செய்தது. பின்னர் 1958-இல் மத்திய ஸர்க்கார் சட்டம் பிறந்தது. 21 வயது நிரம்பாதவனுடைய குணத்தையும் குடும்ப நிலையையும் விசாரித்துக் கோர்ட்டாருக்குத் தெரிவிப்பவர் நன்னடத்தை அதிகாரி. அவர் போலீஸ்காரர் அல்லர். வேலை தேடித் தருவதும், நஷ்டஈடு செலுத்த உதவுவதுங்கூட அவர் கடமையே. ஊரார் “இவன் திருடன்” என்று கதவைச் சாத்தினாலோ, அவ்வுழைப்பு முழுதும் விழலுக்கிறைத்த நீராம். நிபந்தனை தவறாதவரை, இங்ஙனம் விடப்பட்டவனுக்குத் தண்டனையால் வரும் சட்டத் தகுதிக்குறைவு இல்லையென 12-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே அவன் கடன் மனுக் கொடுத்தால், பஞ்சாயத்தார் பழைய வழக்கைக் கிளறாமல், அவனுடைய நாணயத்தையும் நிலத்தையுமே பார்ப்பார்களாக.