வடம் பிடிக்கும் கைகள்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். இழுப்போர் ஆயிரவர் இருந்தும், ஒரு பக்கத்து வடம் முந்தினால் தேர் தெருவோரத்தில் முட்டி நிற்கும். ஓர் ஊருக்குள்ளேயே இவ்வாறாயின், பல நாட்டுத் தொண்டர் குழுக்கள் ஒரே துயரைத் துடைக்க முற்படும்போது அவர்களை இணைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குச் சபரகமுவ மலைச்சாரலின் வரலாறே நல்ல விடை பகர்கின்றது.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. பெருக்கெடுத்து ஓடும் ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கின; அவற்றில் நுளம்பு பெருகிற்று. மலேரியாவை அதிகம் அறியாத ஈரவலயத்து மக்கள் குடும்பம் குடும்பமாய் மடிந்தனர். 1935 வரை நீடித்த அக்கொள்ளை நோயில் இலங்கையில் மாண்டோர் ஏறக்குறைய 80,000 பேர். மிகக் கொடிய அடியைத் தாங்கிய மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றனர். அத்துயரின் பின்னர், 1936இல் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளையொன்று இங்கே தோன்றியது. 1949இல் அது நம் நாட்டின் சொந்தச் சங்கமாயிற்று.

இத்தகைய சங்கங்களை இணைக்கும் சம்மேளனம் 1919இல் பாரிஸ் நகரில் 5 நாடுகளின் சங்கங்களால் நிறுவப்பட்டது. இன்று அதில் 190க்கும் மேற்பட்ட நாட்டுச் சங்கங்கள் அங்கம் வகிக்கின்றன. இத்தனை குழுக்களும் மோதாது இயங்குவதற்குக் காரணம் யாது? ஒரு நாட்டில் ஒரே சங்கம் என்பது 1965இல் வியன்னாவில் உறுதி செய்யப்பட்ட கோட்பாடுகளுள் ஒன்று. ஆகவே, உதவ வரும் பிறநாட்டுச் சங்கம் தன் மனம் போனபடி கடை விரிப்பதில்லை. அந்நாட்டுச் சங்கத்தின் வழியாகவே வருகின்றது. எவ்வகை இடரில் எவர் முன்னிற்பது என்பதை 1997ஆம் ஆண்டின் செவில் உடன்பாடு வகுத்தது. 2022இல் அது புதுக்கப்பட்டபோது, இடர் நேர்ந்த நாட்டின் சங்கமே அனைவரையும் கூட்டி நடத்த வேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டது.

இது வெறும் மரியாதைக்காகச் செய்த ஏற்பாடு அன்று. 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, முதல் மணிநேரங்களில் உயிர் காத்தவர்கள் பெரும்பாலும் அயலவர்களே என்று பின்னர் நடந்த பன்னாட்டு ஆய்வும் கண்டது. வெளிநாட்டு உதவி பெரிது. ஆயினும் அது பின்னர் வருவது. முதலில் நீளுவது பக்கத்து வீட்டுக் கையே.

2016 மே 17ஆந் தேதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலே மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் லயத்தின்மேல் மண் சரிந்தது. சில நாட்களுள் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணப் பொருள்களுடன் கொழும்பை அடைந்தன. கொழும்புத் துறைமுகம் வரை வந்த அன்பு, மலையுச்சியிலுள்ள லயத்து வாசல் வரை செல்ல வேண்டுமே! எந்த அறையில் நடக்கவியலாத கிழவி இருக்கிறாள், எங்கே கைக்குழந்தை இருக்கிறது, வேலை விட்டு ஓய்ந்தவர் எத்தனை பேர் என்பதை ஜெனீவாவும் அறியாது, கொழும்பும் அறியாது. தோட்டத்துப் பெயர்ப்பதிவு வேலை செய்வோரின் பெயரைத்தான் தாங்கும். லயத்தில் வாழ்வோரே முழுக் கணக்கும் அறிவர்.

ஆதலால், நேயர்களே, உலகளாவிய இணைப்பு லயத்திலேதான் தொடங்க வேண்டும். லயத்துக்கு இருவர் பொறுப்பேற்கட்டும். குடியிருப்போர் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தோட்ட அலுவலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் செஞ்சிலுவைக் கிளையிலும் ஒவ்வொரு பிரதி வைக்கட்டும். நிலத்தில் வெடிப்பு, மரங்களின் திடீர்ச் சாய்வு, புதிதாய்க் கசியும் கலங்கல் நீர் ஆகியவற்றைக் கண்டால், அறிவித்தல் வரும்வரை காத்திராமல் மக்களை அகற்றட்டும். எச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் வந்தால், அதனைத் தமிழில் உடனே எடுத்துரைப்பதும் அவ்விருவரின் கடமையாகும்.

வடத்தின் மறுமுனையைப் பிடிக்கப் பல நாட்டார் வருவர். இம்முனையை நாம் பிடித்திருந்தால்தான் தேர் நகரும்.