சாயவேரும் சீத்தையும்

பூவும் கொடியும் அச்சிட்ட பருத்தித் துணிக்கு யாழ்ப்பாணத்தில் வழங்கும் பெயர் சீத்தை. யார்க்கணக்கில் வாங்கிச் சட்டை தைப்பதற்குரிய துணி அது. அச்சுத்துணி வரலாற்றின் மையக் கேள்வி ஒன்றே: வேண்டிய இடத்தில் மட்டும் நிறம் ஏறி, வெளுத்தாலும் போகாமல் நிற்பது எப்படி?

இக்கேள்விக்குப் பழைய விடை சாயவேர். இம்பூறல் எனப்படும் இச்சிறு செடி மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணற்றரையில் வளர்வது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அவ்வேரைத் தம் தனியுரிமை ஆக்கினர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் கோலம் எழுதி, துணியை வேருடன் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடத்தில் நிறம் பிடிக்கும். மற்ற இடத்தில் ஏறியது அலசி வெயிலில் காயவைக்கப் போய்விடும். வேரின் சிவப்புப் பொருளான அலிசரினை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிரேபேயும் லீபர்மனும் செயற்கையாக ஆக்கியதும் சாயவேரின் சந்தை சரிந்தது.

ஆலை அச்சு உருளையில் தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் தோமஸ் பெல் 1783இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு நிறத்துக்கும் செதுக்கிய செப்புருளை ஒன்று வேண்டும். உருளையின் சுற்றளவே கோலம் மீண்டும் வரும் தூரத்துக்கு எல்லை. செதுக்குகூலி அதிகமாகையால் ஒரே கோலத்தைப் பல்லாயிரம் யார் அடித்தால்தான் கட்டுபடியாகும். 1930களில் பரவிய திரையச்சில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் வழியே சாயப்பசை தள்ளப்பட்டது. செலவு குறைந்ததால் சிறு அளவிலும் புதுக்கோலங்களைச் சோதிக்க முடிந்தது.

இந்த வாய்ப்பே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கோலங்களை வளர்த்தது. லங்காஷயரின் பருத்தி நிறுவனமான ஹொரொக்சஸ் 1946இல் ஆயத்த ஆடைப் பிரிவைத் தொடங்கி, அலஸ்டர் மோர்ட்டன், எடுவார்டோ பவுலோட்சி போன்ற ஓவியரின் கோலங்களை அச்சிட்டது. 1951 பிரித்தானியத் திருவிழாவுக்காக இன்சுலின், ஹீமோகுளோபின் முதலியவற்றின் படிகப் படங்களும் துணிக்கோலமாயின. சட்டைத்துணிக் கோலத்துக்கு ஒரு தனித் தேவை உண்டு: பூக்கள் எல்லாம் ஒரே திசை பார்த்தால் துண்டுகளைத் திருப்பி வெட்ட இயலாது, துணி வீணாகும். ஆகவே பூக்களைப் பல திசைகளில் சிதறி, அடுத்த நிரலைப் பாதியளவு இறக்கி வைப்பர். கோலம் சந்திக்கும் இடமும் கண்ணுக்குத் தெரியாது.

நிறத்தின் நிலைப்பில் பெரிய மாற்றம் 1956இல் வந்தது. ஐ.சி.ஐ. நிறுவனத்தின் புரோசியன் சாயங்கள் படிகாரம் போன்ற இடைப்பொருள் இன்றிப் பருத்தி இழையுடன் நேரே வேதிப்பிணைப்புக் கொண்டன. 1963இல் ஹனோவர் கண்காட்சியில் ஸ்டோர்க் நிறுவனம் காட்டிய சுழல்திரை, திரையின் எளிமையையும் உருளையின் வேகத்தையும் இணைத்தது.

இலங்கையில் 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர்த் துணிக்கு இடம் தந்தது. எனா டி சில்வா மெழுகு தடுத்துச் சாயமிடும் பற்றிக் கலையை வளர்த்தார். வேயாங்கொடை, துல்கிரிய போன்ற இடங்களில் அரச ஆலைகள் இயங்கின. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட, மலிவான வெளிநாட்டுத் துணியோடு போட்டியிட முடியாமல் உள்நாட்டு நெசவு நலிந்தது.