நூற்றாண்டைத் திருப்பிய ஒரு கடிதம்



1902 ஜூன் 16. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோட்லோப் ஃபிரெகேவுக்கு இங்கிலாந்திலிருந்து தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸல் ஒரு கடிதம் எழுதுகிறார். 'உங்கள் நூலில் ஒரே ஓர் இடத்தில் எனக்குச் சிக்கல் தெரிகிறது' என்பது சாரம். ஃபிரெகேயின் இருபதாண்டுக்கும் மேலான உழைப்பு அந்த ஓர் இடத்தின் மேல்தான் நின்றிருந்தது.

அந்த உழைப்பின் பின்னால் இருந்தது ஓர் எளிய கேள்வி. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. இது நமக்கு எப்படி நிச்சயமாகத் தெரிகிறது? சொற்பொருளை அலசினால் மட்டும் கிடைக்காது, மனக்காட்சியும் துணைக்கு வேண்டும் என்று 1781இல் எழுதினார் தத்துவஞானி காண்ட். தர்க்கமே போதும் என்றார் ஃபிரெகே. அரிஸ்டாட்டிலின் பழைய தர்க்கம் அதற்குப் பற்றாது என்பதால், 1879இல் புதிய குறியீட்டு மொழியையே படைத்தார். எண்களைத் தொகுப்புகளாக விளக்கும் பெருநூலின் முதல் பாகம் 1893இல் வந்தது. இரண்டாம் பாகம் அச்சில் இருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

ரஸல் கண்ட சிக்கலை இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு நூலகத்தில் பல நூற்பட்டியல்கள். சில, தம் பெயரையும் தமக்குள் சேர்த்திருக்கும், சில சேர்த்திருக்காது. சேர்க்காதவற்றுக்கு மட்டும் ஒரு முழுப் பட்டியல் போடுகிறோம். அதில் அதன் பெயரை எழுதலாமா? எழுதினால், அங்கே இருக்கத் தகுதியில்லை. விட்டுவிட்டால், இருந்தே ஆக வேண்டும். 'தன்னையே உறுப்பாகக் கொள்ளாத தொகுப்புகளின் தொகுப்பு' என்று ஃபிரெகேயின் விதிகளுக்குள்ளேயே இந்த முரண் முளைத்தது.

ஆறே நாளில் ஃபிரெகே பதில் எழுதினார். கலங்கிப்போனதை மறைக்கவில்லை, இந்தக் கண்டுபிடிப்பால் தர்க்கம் பெரிதும் முன்னேறக்கூடும் என்றும் சொன்னார். 1903இல் வெளியான இரண்டாம் பாகத்தில், அந்தக் குறையைத் தாமே விளக்கிப் பின்னிணைப்பு சேர்த்தார்.

இடிந்ததைக் கட்டியெழுப்ப ரஸலும் கணிதவியலாளர் வைட்ஹெட்டும் 1910 முதல் 1913 வரை ஒரு நூலை மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். இதற்கிடையே தத்துவத்தின் மையக் கேள்வியும் மாறியது. 'நம்மால் எதை அறிய முடியும்?' என்பது காண்ட்டின் கேள்வி. 'எதைப் பொருளோடு சொல்ல முடியும்?' என்பது புதிய தலைமுறையின் கேள்வியானது. அதை 1921இல் கூர்மையாக எழுப்பியவர் லுட்விக் விட்கென்ஸ்டைன்.

1911இல் அந்த வியன்னா இளைஞர் ஃபிரெகேயைத் தேடிப் போயிருந்தார். 'கேம்பிரிட்ஜுக்குப் போய் ரஸலிடம் படி' என்று வழிகாட்டினார் ஃபிரெகே. தம் கட்டடத்தை அசைத்தவரிடமே அனுப்பிவைத்த அந்த மனத்தைத்தான், எந்தத் தேற்றத்தையும்விடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.